யாரும் சொல்லாமலே நான் மறைத்த நான்கு சொற்கள்

படப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் அந்த அறையில் குந்தியிருந்தவள், நல்ல அனுபவங்கள் நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கின்றன. அவற்றையெல்லாம் என்னுடைய பிரியாவிடை வைபவத்தில், கேக் வெட்டுவதற்கு முன்னமே, சொல்லி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது அன்றைக்குச் சொல்லாமல் விட்டதுதான்.

படத்தை ஸ்கேன் செய்வது, பெயரிடுவது, அடுக்குவது எல்லாவற்றையும் உங்களுக்கு ஒரு கிழமையில் பழக்கிவிடுவார்கள். ஒரு படத்திலிருந்து எதையாவது மறைக்கும்படி ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் என்ன செய்வது என்பதை யாரும் பழக்கமாட்டார்கள். கடிதம் வரும். அரச நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அது வராது என்று இருப்பது, ஐப்பசி மாதத்தில் குடையில்லாமல் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போவது போலத்தான்.

முதலில் ஒரு சின்னப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். எங்கள் புதிய மண்டபத்தின் திறப்பு விழாப் படம் ஒன்றை ஆண்டறிக்கைக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். முன்னால் பிரமுகர்கள் நாடா வெட்டுகிறார்கள். பின்னால் தூணோரமாக ஒருவர், மேல் பொத்தான் பூட்டாத சட்டையோடு, பெரிதாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார். படத்தின் மரியாதை கெடுகிறது என்று அவரைத் தூணோடு தூணாக்கிவிட்டேன். அந்தக் காலத்தில் அது தூரிகையும் மையுமாகச் செய்கிற வேலை. ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. முடிந்ததும் என் கைத்திறமையில் எனக்கே ஒரு மயக்கம்.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதர் ஆண்டறிக்கையைக் கையில் பிடித்தபடி பிரிவு வாசலில் வந்து நின்றார். மண்டபம் முழுவதற்கும் மின்கம்பி இழுத்தவர் அவர். விழாவுக்கு முந்திய மூன்று நாளும் வீட்டுக்கே போகவில்லையாம். பிறகு கொட்டாவி வராமல் என்ன செய்யும். “இந்தத் தூணுக்குப் பக்கத்தில நிண்டனான் மிஸ்,” என்று விரலை வைத்துக் காட்டினார். “பிள்ளையளுக்குக் காட்டலாம் எண்டு எடுத்துப் பாத்தன், என்னைக் காணேல்லை.” நல்ல காலம், நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. மாற்றாத படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். தன் திறந்த வாயைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டு போனார். படத்தில் யாரும் சும்மா நிற்பதில்லை என்பதை அன்றைக்குப் படித்துவிட்டதாக நினைத்தேன். படிக்கவில்லை என்று தெரிய இருபத்தேழு வருடம் எடுத்தது.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது, கொழும்பின் உழைப்பாளிகளைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தோம். துறைமுகம், சந்தை, ரயில் பாதை, குப்பை லொறி என்று இந்த நகரத்தைத் தூக்கி நிறுத்துகிறவர்களின் படங்கள். வலப்பக்கச் சுவர் முழுவதும் போராட்டப் படங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அரச மண்டபமொன்றில் போராட்டத்துக்கு ஒரு சுவர் கொடுத்ததில் எங்கள் பணிப்பாளருக்குப் பெருமை. நல்ல மனிதர். சிங்களவர், தமிழ் தெரியாது. தெரியாததற்கு வெட்கப்படுகிறவர். அவரை இந்தக் கதையின் வில்லனாக்க முடியுமென்றால் எனக்கும் வசதிதான். முடியாது.

அந்தச் சுவருக்குத் தெரிவான படங்களில் ஒன்று ஒருகொடவத்தையில் எடுத்தது. துப்புரவு வேலைக்கு ஆள் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனம் அங்கே தன் லொறிகளை நிறுத்தும். அந்த வாசலில், வீதியோரமாகப் பதினொரு பெண்கள் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் புகைப்படக்காரர் வேறு வேலையாக அந்த வழியால் போகும்போது இறங்கி எடுத்த படம். அன்றைக்கு அங்கே கமராவோடு நின்றவர் அவர் ஒருவர்தான். படத்தில் எட்டு சுலோக அட்டைகள் தெரிந்தன. ஐந்து சிங்களம், மூன்று தமிழ். நடுவில் இருந்த பெண் தன் அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “எங்களுக்குக் கையுறை வாங்கித் தாங்க.” அட்டையைப் பிடித்த விரல்களில் இரண்டில் துணி சுற்றியிருந்தது.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்க, மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எவரையும் புண்படுத்தக்கூடிய பொருத்தமற்ற வாசகங்கள் படங்களில் மறைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் வாசித்து உறுதிப்படுத்திய அலுவலர் அதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். இரண்டே வசனம். முதலாவதைப் பற்றி எல்லோரும் முறுமுறுத்தார்கள். நான் இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பணிப்பாளர் சிங்கள அட்டைகளைத் தானே வாசித்தார். அதில் ஒன்று நிறுவன முதலாளியை இரத்தம் குடிக்கும் நுளம்போடு ஒப்பிட்டிருந்தது. அவர் அதைச் சத்தமாக வாசித்து, சிரித்து, “இது இருக்கட்டும், யாரும் சாகமாட்டார்கள்,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். “மிஸ், தமிழை நீங்கதான் வாசிக்க வேணும். பிரச்சினை இல்லாட்டி சைன் பண்ணுங்க,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை உங்களில் சிலர் இனி அனுபவிப்பீர்கள். நீங்கள் வாசித்துச் சொல்வதுதான் அங்கே வேதம். அது பெருமை மாதிரித் தெரியும். ஏதாவது பிழைத்தால் கேள்வி உங்களிடம் மட்டும்தான் வரும் என்பதும் அதற்குள் இருக்கிறது.

நான் மூன்று தமிழ் அட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கையுறை. ஒன்று வேலையை நிரந்தரமாக்கச் சொன்னது. மூன்றாவது பாதி மடிந்திருந்தது, முழுக்க வாசிக்க முடியவில்லை. மடிந்த பகுதியில் என்ன இருக்கும்? யாராவது அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஏதாவது கண்டுபிடித்தால்? சரி, அதை மறைப்போம். அதை மட்டும் மறைத்து மற்ற இரண்டையும் விட்டால், ஏன் இவற்றை விட்டாய் என்று கேட்டால்? கையுறை கேட்பதற்குள் வேறு அர்த்தம் இருக்கிறது என்று யாராவது சொன்னால்? இப்படியெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அறிவுக்குத் தெரியும். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் அரை மணி நேரம் இருந்தேன்.

உங்களுக்கு வயது காணாது, அதனால் சொல்கிறேன். போர்க்காலத்தில் நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும்போது தமிழ்ப் பத்திரிகையை எழுத்து உட்பக்கமாக இருக்கும்படி மடித்துத்தான் கைப்பைக்குள் வைப்பேன். அதில் சினிமாச் செய்திதான் இருக்கும். இருந்தாலும் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கும்போது முதலில் தெரிவது தமிழ் எழுத்தாக இருக்கக்கூடாது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் ஒன்றும் இல்லாமலே வழி முழுக்கப் பயந்து பழகியவள் நான். போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் அன்று அந்த மேசையில் என் கை அதே பழைய வேலையைத்தான் செய்தது.

மூன்று தமிழ் அட்டைகளையும் மங்கலாக்கினேன். “தமிழ் வாசகங்கள் மறைக்கப்பட்டன, ஆட்சேபமில்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு, கணினியில் இடம் காணாது என்று எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வதுபோல, மாற்றிய படத்தைப் பழைய படத்தின் மேலேயே பதிந்தேன். அவ்வளவுதான். கால் மணி நேர வேலை. தூரிகைக்காலத்தில் ஒரு மனிதரை மறைக்க ஒரு பின்னேரம் தேவைப்பட்டது என்றேனே, அந்த மெதுவுக்கும் ஒரு பிரயோசனம் இருந்தது. கை களைத்தால் மனம் ஒருமுறை யோசிக்கும்.

யோசிக்க எனக்கு இன்னொரு சந்தர்ப்பமும் கிடைத்தது. கண்காட்சிப் படங்களைப் பெரிதாக அச்சடித்துத் தருபவர் மருதானையில் கடை வைத்திருக்கும் நவாஸ் நானா. பல வருடப் பழக்கம். இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ், இந்தக் குப்பைக்கார பொம்பிளயள்ற படம். சிங்கள எழுத்தெல்லாம் நல்லா வெளங்குது. தமிழ் மட்டும் பொக அடிச்ச மாதிரி ஈக்குது. ஃபைல்ல பிழையா?”

“இல்லை நானா, அப்பிடித்தான். பிறிண்ட் பண்ணுங்கோ.”

“நல்லாப் பாத்துத்தானே அனுப்பின?” என்று கேட்டார்.

“ஓம் நானா.”

“அப்ப சரி. மத்தவன் கேட்டா நான் என்ன சொல்ற எண்டுதான் கேட்டன்,” என்று வைத்துவிட்டார். அன்றைக்கும் பழைய படத்தை மீட்க முடிந்திருக்கும். புகைப்படக்காரரின் கமராவில் அது இன்னும் நான்கு நாள் இருந்தது என்று பிறகுதான் தெரியவந்தது.

கண்காட்சி நன்றாகத்தான் நடந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பலர் படம் எடுத்துக்கொண்டார்கள். மங்கலான மூன்று அட்டைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆறாவது கிழமை, செல்வராணி வந்தாள்.

நடுவில் இருந்த பெண் அவள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அவளுடைய பெற்றோர் கொழும்புக்கு வந்தவர்கள். அவள் கொட்டாஞ்சேனையில் லைன் வீடொன்றில் இருந்தாள். வாசலில் காவலாளியிடம் சிங்களத்தில் கதைத்து, தமிழ் மிஸ் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து, நேரே என்னிடம் வந்துவிட்டாள். முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

“கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரிங்க மிஸ்,” என்றாள். “எங்க ஆளு ஒருத்தி இந்த ரோட்ட கூட்டுறா. அவதான் சொன்னா, ஒங்க படம் பெருசா அங்க தொங்குதுன்னு.”

விஷயத்தை அவள் சொன்ன ஒழுங்கிலேயே சொல்கிறேன். அன்றைக்கு அந்த வாசலில் உட்கார்ந்தவர்களில் அவளை மட்டும் நிறுவனம் வேலையால் நிறுத்தியிருந்தது. அவள் பிடித்திருந்த அட்டையில் மேற்பார்வையாளரைத் தூசணத்தில் எழுதியிருந்ததாம். மேற்பார்வையாளரே அப்படி வாக்குமூலம் கொடுத்திருந்தார். அட்டையைக் காவலாளிகள் அன்றே பறித்துக் கிழித்துவிட்டார்கள். மற்றப் பெண்கள் அவளுக்காகச் சொன்னதை, கூட்டாளிகள் வேறென்ன சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களிடம் ஒரு படமும் இல்லை. வேலைக்குள் போகும்போது கைபேசியைக் காவலறையில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் வேலை முடிந்து அப்படியே வந்து குந்தியவர்கள். தொழில் திணைக்களத்தில் விசாரணை அடுத்த கிழமை.

“பதினாலு வருசம் மிஸ். ஒரு கெட்ட வார்த்த நான் பேசினதில்ல. வேல போனாக்கூட வேற வேல தேடிக்கலாம். தூசணம் எழுதுனவன்னு பேரு வந்துட்டா எந்தக் கம்பனியும் எடுக்க மாட்டான். எங்க வீட்டுக்காரரே கேக்குறாரு, நெசமாவே எழுதுனியான்னு.” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இப்ப பரவால்ல. கவருமெண்டு படம். அதுல பொய் இருக்காதுல்ல. அத காட்டினா போதும்.”

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். தானாகப் பார்த்து, தானாகக் கோபப்பட்டு, என்னைச் சொல்ல வைக்காமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முதலில் தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்து விரலால் எண்ணினாள். பிறகு தன்னைப் பார்த்தாள். கிட்டப் போனாள். அட்டை இருந்த இடத்தைத் துடைப்பதுபோல் முந்தானை நுனியால் மெல்லத் தடவினாள். தூசி என்று நினைத்திருக்கிறாள்.

“மிஸ், எழுத்து எங்க?”

“அது… மெஷின்ல ஒரு பிரச்சினை. நான் ஒறிஜினலைத் தேடித் தாறன். நீங்க யோசியாதேங்கோ,” என்றேன்.

“சரிங்க மிஸ். நீங்க இருக்கீங்க தானே,” என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அந்தக் கையின் சொரசொரப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மூலப்படம் இல்லை. புகைப்படக்காரர் கமராவிலிருந்த பழைய படங்களை அழித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நவாஸ் நானாவிடமும் நான் அனுப்பியதுதான் இருந்தது. மூன்று நாள் தேடிவிட்டுப் பணிப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: “கையுறையா? கையுறை கேட்டதையா மறைச்சீங்க? ஏன்?”

“சுற்றறிக்கை வந்ததுதானே சேர்.”

“சுற்றறிக்கையில கையுறை பற்றி ஒண்டும் இல்லையே மிஸ்.”

விசாரணைக்கு நான் போகலாம் என்றார், தடுக்கவில்லை. ஆனால் பிரிவின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். விசாரணைக்கு அனுப்ப எங்கள் அலுவலகத்தின் பெயரில் ஒரு கடிதமும் தயாரானது. படத்தின் வாசகங்கள் அலுவலக நடைமுறைக்கு அமைய மறைக்கப்பட்டன என்று அதில் இருந்தது. வரைந்தவள் நான். அலுவலக மொழியில் எதையும் ஒளிக்கலாம், இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, தானாக வந்துவிடும்.

விசாரணை ஒரு சின்ன அறையில், சிங்களத்தில் நடந்தது. செல்வராணி சேலை உடுத்தி வந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விசாரணை அதிகாரி என்னைக் கேட்டபோது, நான் அந்தப் படத்தை மறைப்பதற்கு முன் பார்த்தேன், அட்டையில் கையுறை கேட்டு மட்டும்தான் எழுதியிருந்தது என்று தெளிவாகச் சொன்னேன். அதுவரை எல்லாம் சரி.

நிறுவனத்தின் பக்கம் பேசியவர் எழுந்து எங்கள் படத்தைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய கையில் எங்கள் கடிதமும், அதோடு இணைத்திருந்த நான் கையொப்பமிட்ட தாளின் பிரதியும் இருந்தன.

“இந்த மிஸ் பொறுப்பான அரச அலுவலர்,” என்றார். மிக மரியாதையாகத்தான் பேசினார். “பொருத்தமற்ற வாசகங்களை மறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிறது. அவர் படத்தை வாசிக்கிறார். முதலாளியை நுளம்பு என்று சொன்ன அட்டையைக்கூட விட்டிருக்கிறார்கள். இந்த அட்டையை மறைக்கிறார். நுளம்பைவிட மோசமாக அதில் என்ன இருந்திருக்கும்? நெருப்பில்லாமல் புகையுமா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “கையுறை என்றுதான் இருந்ததென்றால் ஏன் மறைத்தீர்கள்?”

பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். தமிழாக இருந்தது, கையெழுத்து வைக்கப் பயந்தேன், வேறு காரணமே இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார். அது அவ்வளவு அசட்டுத்தனமான பதில், பொய்யாக யாரும் சொல்லமாட்டார்கள். நான், “அது அலுவலக நடைமுறை சேர்,” என்றேன். சிங்கள அட்டைகளுக்கு அந்த நடைமுறை இல்லையா என்று கேட்டார். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அட்டையில் என்ன இருந்தது என்பதை நிச்சயிக்க முடியவில்லை என்று முடிவு வந்தது. நீக்கம் நீக்கமாகவே நின்றது.

தம்பிமாரே, தங்கைமாரே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த பாடம் இதுதான். ஒன்றை மறைத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவன் அந்த இடத்தில் தனக்குத் தெரிந்ததிலேயே மிக மோசமான சொல்லை எழுதிக்கொள்வான். அரசாங்க முத்திரையோடு மறைத்தால் அது ஒரு தீர்ப்பு. கையுறை கேட்ட பெண்ணை நான் தூசணம் எழுதியவளாக்கினேன். மேற்பார்வையாளர் சொன்னது வெறும் பொய்யாக இருந்தது. அதை உண்மை மாதிரி ஆக்கியது என்னுடைய மங்கல்.

மறைக்கச் சொன்னால், எந்தச் சொல்லை, ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். மறைத்தே ஆகவேண்டும் என்றால் கீழே என்ன இருந்தது என்பதைப் பதிந்து வையுங்கள். மூலப்படத்தின் மேல் கை வைக்காதீர்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்த விதிகள்தான். ஆனால் விதி தெரியாததால் நடந்த பிழையல்ல இது. மேலிடத்துத் தணிக்கையைப் பற்றித் தேநீர் குடித்துக்கொண்டே நாங்கள் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். என்னைப்போல, யாரும் கேட்காததையும் முந்திக்கொண்டு செய்து கொடுக்க ஒவ்வொரு மேசையிலும் ஆள் இருந்தால் மேலிடத்துக்கு வேலையே இல்லை.

ஓய்வுபெறுவதற்கு முன் படத்தின் கீழே ஒரு குறிப்புச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். தமிழ் வாசகங்களை மறைத்தவள் நான், நடு அட்டையில் இருந்தது இன்ன வாசகம் என்று, என் பெயரும் போட்டு. இருமுறை நினைவூட்டினேன். பரிசீலனையில் இருக்கிறது. கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம்தான், தெரியும். என்றாலும் அந்தக் குறிப்பு வைத்த கோவை இன்னும் பிரிவு அலுமாரியில் இருக்கும். ஒரு அலுவலர் கையொப்பமிட்டால் போதும். உங்களில் யாராவது வாசித்துப் பார்த்து, மனம் சம்மதித்தால், கையொப்பமிடுங்கள்.

விசாரணை முடிந்த அன்று நடந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை. செல்வராணியும் நானும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம். பஸ் தரிப்பிடம் வரை நடந்தோம். அவள் அழவில்லை. நிழலில் எனக்கு இடம்விட்டு நின்றாள்.

“மிஸ், ஒங்கள கொற சொல்லல,” என்றாள். “நீங்க வேலைக்காரவங்க. மேல இருக்கிறவங்க சொன்னா செஞ்சுதானே ஆகணும். எங்களுக்கும் அப்படித்தான்.”

நான் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தேன்.

“ஒங்க ஆபீசு பெரிய சாருதானா மிஸ் அழிக்கச் சொன்னாரு?”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அதற்கு மேல் ஒரு பொய் என்னால் முடியவில்லை.

“இல்லை. அவர் சொல்லேல்லை.”

“வேற யாரு?”

“ஒருத்தரும் சொல்லேல்லை செல்வராணி. நானாத்தான் செய்தனான். பயத்தில.”

அவள் என்னை முழுதாக ஒருமுறை பார்த்தாள். அவளுடைய அட்டையில் இருந்த சொற்களையும் என் பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. ஏறப்போனவள் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

“யாராச்சும் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்கும் மிஸ்,” என்றாள்.